ஆண்டறிக்கை: பழைய இசைத்தட்டோட போன ஒரு வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். செயலாளர்ங்கிற முறையில மலேசியாவுல இருக்கிற நம்ம சுங்கை சிப்புட் சங்கத்தோட இந்த வருஷ அறிக்கைய வைக்கிறேன். வழக்கமான விஷயத்த முதல்ல சொல்லிடறேன். தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தல் போட்டோம், மிருதங்க வகுப்பு நிக்காம நடக்குது, வயலின் வாத்தியார் ஈப்போவுக்கு மாறிப் போயிட்டதால அந்த வகுப்பு பாதியில நிக்குது, ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். கணக்கு வழக்க பொருளாளர் வாசிப்பாரு.

மத்தபடி இந்த வருஷம் நம்மள இழுத்துப் பிடிச்சது இசைத்தட்டுக் கூட்டம்தான். பக்கத்து தோட்டத்துல பழைய கிராணி (தோட்டத்து குமாஸ்தா) வீட்ட இடிக்கும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய 78 ஆர்.பி.எம். தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு கெடச்சது, குப்பை லோரில ஏத்திட்டாங்க, நம்ம மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) ஐயா ஓடிப்போய் எறக்கிட்டு வந்தாரு. பாதி ஒடஞ்சது. மிச்சத்த டவுன்ல ஒருத்தர்கிட்ட குடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னோம், அவரு பிந்தி வந்த எல்பி தட்டோட சன்ன ஊசியாலயே ஓட்டிட்டாரு, ஒரே கரகரப்பு. 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்குத் தடிச்ச ஊசி வேணும். வேற ஊசி வாங்கி மறுபடியும் ஓட்டின பிறகுதான் பாட்டு பாட்டா வந்துச்சு. நம்மகிட்ட இல்லாதத இணையத்துல எடுத்து, மாசம் ஒரு ஞாயிறு மாரியம்மன் கோயில் மண்டபத்துல உக்காந்து கேட்டோம்.

மொதக் கூட்டத்துல 1902ல கல்கத்தாவுல பதிவான பாடகி கௌஹர் ஜான் தட்ட போட்டோம். இந்துஸ்தானிதான், ஆனா இந்திய இசைத்தட்டுக் கத அங்கதான ஆரம்பிக்குது. பாடி முடிச்சதும் அந்தம்மா தன் பேர இங்கிலீஷ்ல சத்தமா சொல்லுவாங்க. பதிவு ஜெர்மனிக்குப் போய் ஹனோவர்ல தட்டா அச்சாகும், அங்க உள்ளவனுக்கு யாரு பாடுனதுன்னு தெரியணுமே. பக்கத்துக்கு மூணு நிமிஷம்தான், அதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கணும். அப்ப மைக் கெடையாது, ஒரு பெரிய கொழாய்க்குள்ள மூஞ்ச வச்சுப் பாடணும், மெதுவாப் பாடுனா பதிவு பண்ற மெழுகுத் தட்டுல கீறல் விழாது. தெற்குல பெரிய ஆம்பள வித்வான்கள் நிறைய பேரு தயங்கி நின்னப்ப துணிஞ்சு போய்ப் பாடுனது பெங்களூர் நாகரத்தினம்மா, சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி மாதிரி பெண்கள்தான். அந்தக் குரல்ல இருக்கிற நேர்மையும் வேகமும் நம்ம இளைஞர்களுக்கு ரொம்பப் புடிச்சது, எனக்கும்தான்.

ரெண்டாவது கூட்டத்துல நல்ல வாக்குவாதம். அஞ்சு கட்டைன்னு (கட்டைன்னா சுருதியோட அளவு) பேரெடுத்த நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவோட ஒரே பாட்ட ரெண்டு எடத்துல இருந்து எடுத்துப் போட்டோம், ரெண்டுக்கும் சுருதி வேற வேற! அப்ப எது நெசம்? விஷயம் என்னன்னா, அந்தக் காலத்துல எல்லாத் தட்டும் சரியா 78 வேகத்துல பதிவானது இல்ல. 72 வேகத்துல பதிவானத 78ல ஓட்டுனா அரைக் கட்டைக்கு மேலயே சுருதி ஏறிடும், பாட்டும் ஓட்டமா ஓடும். அதனால "அப்பல்லாம் எல்லாரும் உச்சியில பாடுனாங்க, வேகமாப் பாடுனாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி தட்டோட கணக்கையும் கழிக்கணும். கழிச்ச பிறகும் ஒண்ணு மிச்சம் நிக்குது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு தொண்டையத் திறந்து பாடுன குரல் அது. 1925க்கு அப்புறம் மின்சாரப் பதிவு வந்து, மேடைக்கும் மைக் வந்த பிறகு, குரல அடக்கிக் கொழைஞ்சு பாட எடம் கெடச்சுது. கெட்டது இல்ல. ஆனா அந்தத் திறந்த தொண்டை இன்னிக்கு நம்ம பிள்ளைங்களுக்கு வர மாட்டேங்குதுன்னு எனக்கு வருத்தம் உண்டு.

வீணை தனம்மாள் கூட்டத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். 1932ல பதிவானது, அப்பவே அறுபத தாண்டிட்டாங்க. தட்ட போட்டதும் மழ பிடிச்சு தகரக் கூரையில கொட்டுச்சு, ஒண்ணும் கேக்கல, நிறுத்திட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தோம், ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. மழ விட்டதும் காத்தாடியையும் நிறுத்திட்டு மறுபடி போட்டோம். ஒரு மீட்டு, அந்த ஒரு மீட்டுலயே கம்பிய இழுத்து அடுத்தடுத்த ஸ்வரத்துக்குப் போறாங்க, சத்தம் தேய்ஞ்சு இல்லாமப் போற எடத்துல நம்ம காதுதான் மிச்சத்த பாடுது. வெள்ளிக்கெழம சாயங்காலம் சென்னை வீட்டுல ஒரு சின்ன ரூமுக்காக வாசிச்ச கை அது. வீணை கத்துக்கிட்ட அக்கா ஒருத்தவங்க, "இப்ப நாங்க வீணையிலயே மைக் ஒட்டிடறோம், நாதம் நிக்குது, ஆனா கேக்குறவங்க இப்படிக் குனிஞ்சு கேக்குறது இல்ல"ன்னாங்க.

கடைசிக் கூட்டம் நாகஸ்வரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராக ஆலாபனை. நம்ம கோயில் மேளக்காரர் ஐயா ரெண்டு கொழல கொண்டாந்தாரு, குட்டையான திமிரி, நீளமான பாரி. ரெண்டுலயும் தோடிய ஊதிக் காட்டுனாரு. திமிரி காத கிழிச்சிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போகுது, சாமி புறப்பாட்டுக்கு அதான் சரி. பாரி சுருதி கம்மி, உக்காந்து கேக்கலாம். பாரிய நிலைநிறுத்துனது ராஜரத்தினம் பிள்ளைன்னு சொன்னப்ப, இதான் காலங்காலமா இருக்கிற கோயில் வாத்தியம்னு நெனச்சுக்கிட்டு இருந்த பல பேருக்கு ஆச்சரியம். அதே மாதிரிதான் கச்சேரியும். வர்ணத்துல ஆரம்பிச்சு, கீர்த்தனை பல பாடி, துக்கடாவுல (சின்ன, லேசான பாட்டுல) முடிக்கிற வரிசைய பழக்கத்துக்குக் கொண்டாந்தது பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், அவரு காலமானதே 1967லதான். நம்ம தாத்தாங்க கண்ணு முன்னாடி நடந்த மாத்தம் இதெல்லாம். பழைய மாதிரி பாடலன்னு பிள்ளைங்கள மேடையில வச்சுத் திட்டுறத இனிமே நாம நிறுத்தணும்னு கமிட்டில பேசி முடிவு பண்ணிருக்கோம்.

அடுத்த வருஷமும் கூட்டம் தொடரும். வீட்டுல பழைய தட்டு இருந்தா கொண்டு வாங்க, குடுத்துடணும்னு இல்ல, பதிவு பண்ணிட்டுத் திருப்பித் தந்துடுவோம். ஸ்பிரிட் போட்டு மட்டும் தொடைச்சிடாதீங்க, தட்டு அரக்குல செஞ்சது, கரைஞ்சிடும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம நிக்க வச்சு எடுத்துட்டு வாங்க, வெயில்ல காருக்குள்ள விட்டா வளைஞ்சிடும். பெட்டி தூக்க முடியாத வயசானவங்க ஒரு போன் பண்ணுனா போதும், மண்டோர் ஐயாவும் நானும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறோம்.