கண் மருத்துவராக விரும்பும் மாணவர்களுக்கு

ஆசிரியருக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் "கண் டொக்டராகப் போறன்" என்று சொல்லும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அவர்களின் பெற்றோரும் வழியின் நீளத்தை அறிந்திருக்க வேண்டும். மருத்துவ பீடத்தில் 5 ஆண்டுகள், பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அதன்பின்பே கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் போட்டிப் பரீட்சைகளும் பல ஆண்டுப் பயிற்சியும்.

மதிப்பெண்ணை விடக் கையும் கண்ணும் முக்கியம். மங்கிப்போன கண்வில்லையை உடைத்து எடுக்கும் இன்றைய கண்புரை சத்திரசிகிச்சையில் வெட்டு பொதுவாக 3 மில்லிமீற்றருக்கும் குறைவு. நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி இரு கைகளாலும் கருவி பிடித்து, இரு கால்களாலும் மிதிகளை இயக்க வேண்டும். வில்லையை மூடியிருக்கும் உறையின் பின்பக்கம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. அது கிழிந்தால் கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கூழ்போன்ற கண்ணாடியுடனீர் முன்னே வரலாம், வில்லைத் துண்டுகள் விழித்திரைப் பக்கம் விழுந்துவிடலாம். ஆகவே இரு கண்ணாலும் ஆழம் உணர முடிகிறதா, கை நடுங்குகிறதா என்பதை முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். கழுத்துவலி, முதுகுவலியும் இத்தொழிலோடு வரும்.

சத்திரசிகிச்சை மட்டும்தான் வேலை என்றும் எண்ணவேண்டாம். பார்வை குறையுமுன்னரே நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும். வலியே இல்லாத நோயாளியை ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரவைக்க நிறையப் பேச வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

கண் மருத்துவர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.