தண்டல் கட்டுகிறவர் காப்பீடு கட்ட மாட்டாரா?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கு,

வணக்கம். வேளச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கும் பொதுக் காப்பீட்டு முகவர் நான். 2047க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆயுள் காப்பீடு நீங்கலாக நாடு கட்டும் பிரீமியம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். கூட்டத்துக்குக் கூட்டம் விழிப்புணர்வு இல்லை என்கிறார்கள். நான் பார்ப்பது வேறு.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற ஊர் இது. வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். போன ஐப்பசியில் பாலிசி புதுப்பிக்க ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். 2015இல் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் தெரிகிறது; சாமி படத்தை அதற்கு மேலே மாட்டியிருக்கிறார். "தீபாவளிக்குப் பெயின்ட் எடுக்கவே பணம் புரட்டிக்கிட்டிருக்கேன் அண்ணே, தை பிறக்கட்டும்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே, கொடுத்த கடனைத் தினமும் வந்து வசூலிக்கும் தண்டல்காரர் வந்தார். கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, அட்டையில் குறித்து வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் தவறியதில்லையாம்.

தினம் நூறு கட்ட முடிகிறவரால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கட்ட முடியவில்லை. அதுவும் சரக்கு எடுக்கும் மாதத்தில். தை பிறப்பதற்குள் கார்த்திகை மழை வந்துவிடும். பிரீமியம் முன்கூட்டியே வராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்று 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64 விபி பிரிவு சொல்கிறது. சரி, அது தேவையான விதிதான். ஆனால் மருத்துவக் காப்பீட்டை மாதத் தவணையில் கட்ட வழி செய்தவர்கள் நீங்களே. அதே வழியைக் கடைக் காப்பீட்டுக்கும் திறந்துவிடுங்கள். அந்த மாதத்துக்கு முன்பணம், அந்த மாதத்துக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று, வங்கிக் கடன். கடன் இருக்கும்வரை வங்கி கேட்கிறது, பாலிசியும் இருக்கிறது. கடன் முடிந்தால் பாலிசியும் போய்விடுகிறது. இருக்கும்போதும் பல இடங்களில் கடன் தொகைக்கு மட்டுமே எடுக்கிறார்கள். விலைவாசி ஏற ஏற, அதே அலமாரியில் அதே சரக்கின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. பாலிசித் தொகை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்து லட்சம் சரக்குக்கு ஐந்து லட்சத்துக்கு எடுத்தவருக்கு இரண்டு லட்சம் நஷ்டமானால், ஒரு லட்சம்தான் வரும்; பாதி மதிப்புக்கு எடுத்ததால் நஷ்டத்திலும் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். சிறு கடை, சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம்வரை குறைவாக எடுத்திருந்தால் பாதகமில்லை. நல்ல திட்டம், ஆனால் அந்த 15 சதவீதம் போதவில்லை. வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தப் பிடித்தமே கிடையாதே. சிறு கடைக்கும் அப்படிச் செய்தால் என்ன?

அப்புறம் வரி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. கடைக்கான தீ, வெள்ளக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. பெரிய நிறுவனம் அதை உள்ளீட்டு வரியாக, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத பெட்டிக்கடைக்காரர் எதில் கழிப்பார்? வரி உங்கள் கையில் இல்லை, தெரியும். ஜிஎஸ்டி மன்றத்திடம் இவர்களுக்காக நீங்கள் பேசலாம்.

மாதத் தவணையை மட்டுமாவது வரும் ஐப்பசிக்குள் கொண்டுவாருங்கள். முதல் ஆளாக அந்த ஹார்டுவேர் கடைக்குத்தான் போவேன்.

இப்படிக்கு,
ஒரு காப்பீட்டு முகவர், வேளச்சேரி