சேர் பொன். அருணாசலத்தின் அரச சேவையும் பேசப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களைப் பற்றி நம்மவர் எழுதும்போதும் மேடைகளில் பேசும்போதும் இரண்டு செய்திகளே முன்னிற்கின்றன. ஒன்று, அவர் சேர் பொன். இராமநாதனின் தம்பி, சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி மகன், கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் மைத்துனர் என்ற குடும்பப் பெருமை. மற்றது, 1919 இல் அவர் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானமை. ஆனால் 1875 முதல் 1913 வரை அவர் ஆற்றிய அரச சேவையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன் என்ற முறையில் இது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

முதலியார் குடும்பத்துப் பிள்ளைக்கு அக்காலத்தில் உத்தியோகம் ஒன்று கிடைப்பது பெரிய காரியமன்று. அருணாசலமோ கேம்பிரிட்ஜில் கற்று, போட்டிப் பரீட்சை எழுதி, அவ்வழியாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையரானார். நுழைந்த பின்னரும் பாதை நேராக இருக்கவில்லை. கச்சேரிகள் எனப்படும் மாவட்ட நிர்வாக அலுவலகங்களில் அரசாங்க அதிபரின் கதிரை ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், அவரும் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் ஊர் ஊராகப் பணியாற்ற வேண்டியதாயிற்று. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைக் காணிப் பதிவகங்களுக்கும் பொறுப்பான பதிவாளர் நாயகமாக உயர்த்தியபோது, சேவையில் மூத்த ஆங்கில அதிகாரிகள் அதைப் பொறுக்கவில்லை.

அவர் பொறுப்பேற்ற திணைக்களம் எப்படியிருந்தது என்பதைக் காணி வாங்கிய அனுபவமுள்ளோர் எளிதில் உணர்வர். இன்று நொத்தாரிசு உறுதி முடிக்குமுன் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கிறார். எழுதுவினைஞர் கனத்த பதிவேட்டை இறக்கி, ஓரம் நைந்த ஏட்டை விரித்தால், அக்காணியின் விற்பனை, ஈடு, நன்கொடை யாவும் வரிசையாகக் கிடக்கின்றன. சுட்டி கூட ஒழுங்காக இல்லாமல், மோசடிக்காரருக்கு வசதியாகக் கிடந்த பதிவகத்தைத்தான் அருணாசலம் சீர்செய்தார். அண்ணன் கொச்சிக்கடையில் கருங்கல்லில் எழுப்பிய ஆலயம் எல்லோர் கண்ணிலும் படுகிறது; தம்பியின் பணி இறாக்கைகளில் இருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை என்று நினைப்பதுண்டு.

1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார். ஏறத்தாழ 35 இலட்சம் மக்களை எண்ணியதோடு நில்லாமல், அவர்களுடைய இனம், மொழி, சமயம், வழக்கங்கள் பற்றியும் அறிக்கையில் விரிவாக எழுதினார். வெறும் அட்டவணைகளோடு நிறுத்தியிருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

இளைப்பாறிய பின்னர் 1915 இல் சமூக சேவைக் கழகத்தை அமைத்ததும், ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை எதிர்த்ததும் இதே மனப்பாங்கின் தொடர்ச்சி என்றே கருதுகிறேன். சட்டநிரூபண சபையில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்களால் எழுத்தில் வழங்கப்பட்ட உறுதிமொழி காப்பாற்றப்படாதபோது, தாமே தலைமை தாங்கித் தொடக்கிய காங்கிரசை விட்டு 1921 இல் அவர் வெளியேறியதை இனவாதம் என்று சிலர் இன்றும் எழுதுகின்றனர். எழுதிக் கொடுத்ததற்கு மதிப்பிருக்க வேண்டும் என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் அரச சேவையில் பழகிய ஒருவர் வேறெப்படி நடந்திருக்க முடியும்?

1924 ஜனவரி 9 இல் மதுரையில் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் பழைய பாராளுமன்ற வளவிலுள்ள அவரது சிலைக்கு மாலை சூட்டுவது நல்லதே. அத்துடன், 1901 ஆம் ஆண்டு அறிக்கையின் முக்கிய பகுதிகளையாவது தமிழாக்கித் தங்கள் ஞாயிறு இதழில் தொடராக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அரச சேவையில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் அதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

இங்ஙனம்,
இளைப்பாறிய எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.