எங்கள் அறிவியல் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்களுக்கும், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையினருக்கும், எங்கள் பிள்ளைகளுக்காகத் தங்கள் வீட்டைத் திறந்துவிட்ட ஆச்சி அவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியை அடுத்துள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியர்கள் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு நீங்கள் செய்த உதவிக்குத் தனித்தனியே நன்றி சொல்லியிருக்கிறோம். ஆனாலும் அது ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி என்று ஆசிரியர்கள் அனைவரும் கருதினோம்.

பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் வியப்பூட்டும் சோதனைகளைச் செய்து காட்டிவிட்டுச் செல்பவர்கள் உண்டு. அவர்களையும் நாங்கள் மதிக்கிறோம். நீங்கள் செய்தது வேறு. பிள்ளைகளைச் சந்திப்பதற்கு முன்பே ஆசிரியர்களாகிய எங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு சோதனையையும் எங்கள் கையாலேயே செய்ய வைத்து, எந்த இடத்தில் அது பிசகும், பிசகினால் அதிலிருந்து எதைக் கற்பிக்கலாம் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். நீங்கள் புறப்பட்டுச் சென்ற பிறகும் அந்தச் சோதனைகள் எங்கள் வகுப்பறைகளில் நடந்துகொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

துருப்பிடித்தல் பற்றிய பாடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரும்பு, நீர், ஆக்சிஜன் என்று கரும்பலகையில் எழுதி, சமன்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லி முடித்துவந்த பாடம் அது. உங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் இளஞ்சூடான அகர் கரைசலில் சிறிதளவு பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபினால்ப்தலீனும் கலந்து, கண்ணாடித் தட்டில் கிடந்த ஆணியின் மேல் ஊற்றி, மறுநாள் வரை அசைக்காமல் வைக்கச் சொன்னார். மறுநாள் ஆணியின் தலையையும் முனையையும் சுற்றி நீலமும், நடுப்பகுதியைச் சுற்றி இளஞ்சிவப்பும் படர்ந்திருந்தன. நீலம் தெரியும் இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. இளஞ்சிவப்பு தெரியும் இடத்தில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை ஏற்க, ஹைட்ராக்சைடு அயனி உருவாகிறது. ஒரே ஆணியில் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். துத்தநாகத் தகடு சுற்றிய ஆணியில் நீலமே தோன்றாததைக் கண்டதும், கூரைத் தகட்டுக்கு ஏன் துத்தநாகம் பூசுகிறார்கள் என்பதை நாங்கள் சொல்லாமலேயே அவர்கள் சொன்னார்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடை ஆசிரியரே கரைக்க வேண்டும், அமிலத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது என்று நீங்கள் வற்புறுத்திச் சொன்னதற்கும் நன்றி. பாதுகாப்பும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

ராமேசுவரம் செல்லும் வழியில் கடலோரத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் உங்கள் நிறுவனம் கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்ந்து வருவதை அதே வகுப்பில் விளக்கினீர்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, உப்புக் காற்றோடு அந்த இரும்பு நடத்திய போராட்டம் அன்றுதான் புரிந்தது.

இந்தக் கல்வியாண்டில்தான் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் முறையாகச் சிக்ரியின் வாயில் வழியாக உள்ளே சென்றார்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இத்தனை அருகில் இருந்தும் பேருந்திலிருந்து மட்டுமே பார்த்துவந்த அந்த வளாகத்தைத் தங்களுக்கும் உரிய இடமாகப் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளி மாணவர்களை ஆய்வகங்களோடு இணைப்பதற்காக 2017-இல் தொடங்கப்பட்ட ஜிக்யாசா திட்டத்தின் நோக்கம் எங்களைப் பொறுத்தவரை நிறைவேறியிருக்கிறது.

ஆத்தங்குடிப் பட்டறைக்கு நாங்கள் போனது ஒரு மாணவியின் கேள்வியால். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்திச் செய்த கல்லைச் சூளையில் சுடாமல் தண்ணீரில் ஏன் ஊறப் போடுகிறார்கள் என்று அவள் கேட்டாள். பட்டறை அண்ணன்மார் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கலவை ஊற்ற வைத்தார்கள். கூலி நேரம் போகிறதே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பதைப் பள்ளிக்குத் திரும்பியதும் பிள்ளைகள் சிறு கட்டிகள் வார்த்து, சிலவற்றைத் தண்ணீரிலும் சிலவற்றை வெயிலிலும் வைத்து, மேலே எடை ஏற்றிச் சோதித்தார்கள். வெயிலில் வைத்தவையே முதலில் உடைந்தன.

ஆச்சி அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலிருந்து வளவு என்னும் உள்முற்றம் வரை பிள்ளைகளை நடக்கவிட்டு, பளிங்கு போல் மின்னும் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, மராமத்தில் உதிர்ந்த சுண்ணப் பூச்சுத் துண்டுகளையும் கொடுத்தனுப்பினீர்கள். எலுமிச்சைச் சாறு பட்டதும் அவை நுரைத்தன. ஊதினால் பால்போல் மாறும் சுண்ணாம்புத் தெளிநீரும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கல்லாக இறுகிய அந்தச் சுவரும் ஒரே வேதிவினையின் இரு காட்சிகள் என்பதை விளக்க எங்களுக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் கிடைத்திருக்காது.

அறிவியல் இயக்கத் தோழர்களே, 1987 முதல் வெளிவரும் துளிர் என்னும் சிறுவர் அறிவியல் இதழின் பழைய தொகுப்புகளை எங்கள் நூலகத்துக்குத் தேடிக் கொடுத்தீர்கள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஊருணி நீரை ஆராய்ந்த குழுவுக்கு, முடிவை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைத் தேடாதீர்கள் என்று நீங்கள் சொன்ன சொல்லை ஆசிரியர்களும் குறித்துக்கொண்டோம். பள்ளிகளுக்கு வந்து அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் அரசுத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளருக்கும் எங்கள் நன்றி உரியது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அவர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் தந்த கருவிகளையும், சோதனை முறைகளைத் தமிழில் எழுதிய தாள்களையும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று இச்சோதனைகள் அனைத்தையும் பிள்ளைகளே பெற்றோர் முன் செய்து காட்ட இருக்கிறார்கள். செப்புக் கம்பி சுற்றிய ஆணி மட்டும் ஏன் விரைவாகத் துருப்பிடிக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பினர் தாங்களாகவே ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்; அதை உங்கள் முன் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவசியம் வாருங்கள்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியர்கள் சார்பில்,
பள்ளியின் மூத்த அறிவியல் ஆசிரியை