இரண்டு கையில் இரண்டு வேகம்

அன்பு நண்பா,

கிள்ளானில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருப்பாய். சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மழை, கடை முன் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து பசியாறக்கூட முடியவில்லை. முட்டிவலி பழையபடிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி என்று ஒருவரைப் பற்றிப் படித்ததிலிருந்து உன் ஞாபகம்தான். 1894-இல் ரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த இசை நடத்துநர், அதாவது வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று கையால் தாளம் காட்டுகிறவர். 1931-இல் நியூயார்க்கில், சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் 'நியூ இங்கிலாந்தில் மூன்று இடங்கள்' என்ற படைப்பை முதன்முதலாக மேடையேற்றினார். அதில் இரண்டு பேண்டுகள் வெவ்வேறு வேகத்தில் வந்து மோதுகிற மாதிரி ஓர் இடம் உண்டு. அந்த மாதிரி இடங்களில் மனுஷன் வலது கையில் ஒரு வேகம், இடது கையில் இன்னொன்று என்று காட்டி நடத்துவாராம்! நமக்கு இது புதிதா? நம் ரப்பர் தோட்டத்துத் திருவிழாவில் மேல் லயத்து வீடுகளின் உருமியும் கீழ் லயத்து வீடுகளின் உருமியும் கோயில் முச்சந்தியில் முட்டிக்கொண்டு, காவடி எடுத்தவர் எந்த அடிக்கு ஆடுவது என்று தெரியாமல் திகைத்து நின்றாரே. நேற்று கடை மேசையில் நானும் தட்டிப் பார்த்தேன், இடது கைக்கு மூன்று, வலது கைக்கு நான்கு. தே தாரிக் கிளாஸ் கவிழ்ந்ததுதான் மிச்சம்.

1933-இல் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில் புது இசையாகவே வாசிக்கவைத்து ரசிகர்களின் வெறுப்பைச் சம்பாதித்தார், நடத்துநர் பிழைப்பு அதோடு ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் எழுத்துதான். 1958-இலிருந்து, அறுபது தாண்டிய வயதில், இசைக்கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தரும் பேக்கர் அகராதியைத் திருத்தித் திருத்திப் பதிப்பித்தார். 101 வயது வரை இருந்தார்.

எனக்குப் பிடித்தது இதுதான்: இசைமேதை மோட்சார்ட்டை வியன்னாவில் அடக்கம் செய்த அன்று புயலடித்ததால் கூடவந்தவர்கள் பாதியில் திரும்பினார்கள் என்று காலங்காலமாகக் கதை. இவர் வியன்னா வானிலை நிலையத்துக்கு எழுதிக் கேட்டார். 1791 டிசம்பர் பதிவில் புயலும் இல்லை, ஒன்றும் இல்லை, காற்றுகூட லேசானதுதான்!

இப்போது நம் பழைய தகராறு. பள்ளி விழாவில் தகரக் கூரையில் மழை கொட்டியதால்தான் பிள்ளைகளுக்குத் தாளம் தப்பியது என்கிறாய். அன்று தூறல்கூட இல்லை, நீதான் கையை முன்னால் போட்டாய். மழை நாளில் ரப்பர் பால் வெட்டு கிடையாது என்பதால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தினமும் மழையளவை நோட்டில் எழுதி வைப்பார், மறந்துவிட்டாயா? அவர் மகன் வீட்டுப் பரண்மேல் பழைய நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம். விழாத் தேதியை மட்டும் எழுது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடுகிறேன்.