ஒப்பாரிப் பாட்டிகளையும் உடன் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போரால் சிதைந்த ஆப்பிரிக்க ஊர்கள் பாட்டாலும் கதையாலும் தேறிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தபோது, பென்னாகரம் வட்டத்திலுள்ள எங்கள் ஊரில் நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்டது நினைவுக்கு வந்தது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மூன்று இளைஞர்கள் ஒரே விபத்தில் இறந்தார்கள். நிவாரணக் காசோலை வந்தது. அதிகாரிகளும் வந்து போனார்கள். ஆனால், அவர்களில் ஒருவனின் தாய் பத்து நாளாக அழவே இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். காரியத்துக்கு முதல்நாள் வந்த உறவுக்காரக் கிழவி ஒருவர் அவர் தோளைக் கட்டிக்கொண்டு, பையன் புளியமரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த அன்று அவனை இடுப்பில் சுமந்து இந்தத் தாய் ஓடியதைச் சொல்லி ஒப்பாரி வைத்தார். மூன்றாம் அடியில் தாய் வெடித்து அழுதார். திண்ணையிலிருந்த பெண்களும் அடிக்கு அடி சேர்ந்துகொண்டார்கள். அன்றிரவுதான் அவர் வயிற்றுக்குச் சோறு போனது.

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 2007இல் ‘ஃபம்புல் டோக்’, அதாவது ‘குடும்பப் பேச்சு’, என்ற முயற்சி தொடங்கியது. இரவில் ஊர் நடுவே நெருப்பு மூட்டி, இழந்தவரும் இழப்பை உண்டாக்கியவரும் எல்லோர் முன்னும் பேசுகிறார்கள். பின்பு பாட்டும் ஆட்டமும் நடக்கின்றன. வடக்கு உகாண்டாவின் அச்சோலி மக்களுக்கும் இருட்டியதும் முற்றத்து நெருப்பைச் சுற்றியமர்ந்து கதை கேட்கும் ‘வாங் ஓ’ என்ற வழக்கம் உண்டு. அங்கு நடந்த போரின்போது மக்கள் இடம்பெயர்ந்து தங்கிய முகாம்களில் அது நலிந்துபோனது.

நமக்கு இதெல்லாம் அந்நியமல்ல. பாரதப் போரின் முடிவை நடித்துக்காட்டும் திரௌபதி அம்மன் கோயில் படுகளச் சடங்கில் துரியோதனனின் மண்ணுருவத்தருகே காந்தாரி புலம்பும்போது, தம் வீட்டுச் சாவை நினைத்து அழாத பெண்கள் குறைவு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1990களின் இறுதியில் கலைக்குழுக்கள் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஊர் ஊராக வந்து பாடி நடித்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அவை அறிவுரை சொல்ல வந்தவை. எனக்கு வேண்டியது, துக்கப்பட்டவரையே பேசவைக்கும் பாட்டு. (ஒலிபெருக்கியில் போடும் பதிவுசெய்த ஒப்பாரியை நான் இதில் சேர்க்கவில்லை.)

எனவே, மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகர்கள் இத்தகைய துக்கம் நேர்ந்த ஊர்களுக்குச் செல்லும்போது, ஒப்பாரி அறிந்த பாட்டிகளையும் கூத்துக் கலைஞர்களையும் உரிய ஊதியம் தந்து உடன் அழைத்துச்செல்ல மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். மருந்தும் சிகிச்சையும் தேவைப்படுவோருக்கு அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. நான் குறிப்பிட்ட கிழவிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவரிடம் பாட்டுக் கற்றவர் எங்கள் பக்கத்தில் ஒருவருமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.