முட்டை தந்த அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கோழிக் கருவில் மூளை உருவாவதைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நல்லபடியாக முடிந்துவிட்டது. பேராசிரியர்களுக்கு ஆய்வேட்டிலேயே நன்றி சொல்லியாயிற்று. இது மற்றவர்களுக்கு.

முக்கூடல் அண்ணாச்சி, கடையில் விற்கும் வெள்ளை முட்டையில் குஞ்சாக வளரும் கரு இருக்காது. சேவலோடு திரியும் கோழியின் முட்டைதான் எனக்கு வேண்டும். அதுவும் வெக்கையில் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். நம்ம ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! நீங்கள் முட்டைகளை ஈரமணல் பானையில் வைத்திருந்து, உமி பரப்பிய கூடையில் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். கூமுட்டைக்குக் காசும் வாங்கவில்லை.

முட்டையிலிருந்து கொஞ்சம் வெள்ளைக்கருவை ஊசியால் உறிஞ்சினால் கரு கீழே இறங்கும். பிறகு ஓட்டில் சின்ன சன்னல் வெட்டிப் பார்த்து, செலோடேப் ஒட்டி மறுபடி அடைக்கு வைப்போம். அதற்கான கத்தரி நுனியைத் தீட்டித் தந்தவர் டவுன் பொன் ஆசாரி ஒருவர். அவர் கை பட்ட கத்தரிக்கு ஓடு நொறுங்கியதே இல்லை.

இரண்டு நாளுக்குள் தட்டையான ஓர் ஏடு ஓரம் எழும்பிக் குழலாக மூடுவது, வாழைக்குருத்து விரிவதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். மூளையும் தண்டுவடமும் அந்தக் குழலிலிருந்தே வருகின்றன. மனிதக் கருவில் அது கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. வலிப்புக்குத் தரும் வால்புரோவேட் அந்த மூடலைக் கெடுக்கக்கூடும். நான் பார்த்தது அதைத்தான்.

அம்பாசமுத்திரத்து அக்கா, முதுகில் அந்தக் குழல் மூடாமல் பிறந்த மகனை வளர்க்கிறீர்கள். "கோழி சரி, அடுத்த பிள்ளைக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியால்தான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் பற்றி ஓர் இயலே சேர்ந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளை பெற்றவர்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால் மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். அப்புறம், இதைப் படிக்கும் யாரும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். அது இன்னும் ஆபத்து.

கரண்ட் போன ராத்திரிகளில் இன்குபேட்டர் ஆறுமுன் ஜெனரேட்டர் போட ஓடிய வாட்ச்மேன் தாத்தா, ஆய்வேட்டின் பிரதி ஒன்றைக் கேட் அறையில் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் உங்கள் பேத்திக்கு.